பிளிட்ஸ் மேல் பிளிட்ஸ் வருகிறதா? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அஃபென்ஸுக்கு (பந்தை வைத்து ஆடும் பக்கத்துக்கு), அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

எதிரணி விடாமல் பிளிட்ஸ் அனுப்புகிறது, அதாவது வழக்கத்தைவிட அதிக ஆட்களைக் குவாட்டர்பேக் மேல் பாயவிடுகிறது. பந்தை எறிய வேண்டிய குவாட்டர்பேக் அதை வாங்கி நிமிர்வதற்குள் தரையில் கிடக்கிறார். சைட்லைனில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "லைன் தாங்கவில்லை." அதை நம்பி லைனில் (அவர் முன்னால் நின்று தடுக்கும் ஐந்து பேரில்) கைவைத்தால் பல நேரம் தப்பான இடத்தில் கைவைத்ததாகிவிடும்.

அமெரிக்காவில் படித்தபோது ஒரு சிறிய கல்லூரி அணிக்கு ஆட்ட வீடியோ வெட்டித் தரும் மாணவ உதவியாளராக மூன்று சீசன் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டத் துண்டுகளைப் பெயரிட்டு அடுக்க வேண்டும். ஒரே சாக் (பந்தை எறிவதற்குள் குவாட்டர்பேக்கை வீழ்த்துவது) போலத் தெரியும் இரண்டு துண்டுகளுக்கு இரண்டு வேறு காரணங்கள் இருக்கும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஆகவே முதல் வேலை வீடியோவை நிறுத்துவது. ஸ்னாப் ஆகி (லைனின் நடுவில் நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் அனுப்பியதும்) ஒரு விநாடி ஓடவிட்டு நிறுத்துங்கள். குவாட்டர்பேக்கைத் தொட்டவரை யாராவது தொட்டார்களா? யாருமே தொடவில்லை என்றால் அது எண்ணிக்கைக் கோளாறு. தொட்டும் தோற்றார்கள் என்றால் அது ஒரு ஆட்டக்காரரின் கால், கை வேலையில் உள்ள குறை. எல்லோரும் ஒழுங்காகப் பிடித்து நின்றும் சாக் ஆனது என்றால் பந்து கையில் அதிக நேரம் இருந்திருக்கிறது. இந்த மூன்றையும் பிரிக்காமல் கீழே உள்ள எதையும் முயல வேண்டாம்.

கணக்கு ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ பாய்ந்தால் பிளிட்ஸ். ஆறு பேர் பாய்ந்தால் பின்னால் மிச்சம் ஐந்து பேர். பந்து பிடிக்கத் தகுதியுள்ள நம் ஆட்களும் ஐந்து பேர். அதாவது ஆறு பேர் வரும்போது ஆழத்தில் உதவிக்கு யாரும் இல்லாமல் ஒவ்வொருவரும் தனியாக நிற்கிறார்கள். எதிரணி அந்த விலையைக் கொடுத்துத்தான் பிளிட்ஸ் அனுப்புகிறது. அந்த விலையை நாம் வசூலிக்கிறோமா என்பதுதான் கேள்வி.

நடுவில் ஒருவர் யாரும் தொடாமல் வந்துவிடுகிறார்

இருப்பதிலேயே மோசமான அறிகுறி இதுதான். ஓரத்தில் இருந்து வருபவர் சுற்றி வரவேண்டும், குவாட்டர்பேக்கால் அவரைப் பார்க்கவும் முடியும். நடுவில் இருந்து வருபவர் நேர்கோட்டில், முகத்துக்கு எதிரே வருகிறார். தப்பிக்க ஒரு அடி முன்னால் போகவும் வழியில்லை.

பெரும்பாலும் காரணம் "மைக்" அறிவிப்பு. ஐந்து லைன்மேன்கள் சேர்ந்து ஐந்து பேருக்குப் பொறுப்பு. எதிரே நான்கு பேர் கை ஊன்றி நின்றால் ஐந்தாவது ஆள் யார் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவர்தான் மைக். சென்டரோ குவாட்டர்பேக்கோ விரல் நீட்டி எண்ணைக் கத்துவது இதற்குத்தான். ஆறாவது ஆளை ரன்னிங் பேக் (குவாட்டர்பேக்குக்கு அருகே நின்று பந்தை வாங்கி ஓடுபவர்) எடுத்துக்கொள்வார். ஏழாவது ஆள் வந்தால் அவர் குவாட்டர்பேக்கின் பொறுப்பு. அவர் வந்து சேர்வதற்குள் பந்து போய்விட வேண்டும். இந்த வரிசை ஐந்து லைன்மேன்கள், ரன்னிங் பேக், குவாட்டர்பேக் ஆகிய ஏழு பேர் மனத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வீடியோவில் இடது கார்டு (சென்டருக்குப் பக்கத்து லைன்மேன்) இடப்பக்கமும் சென்டர் வலப்பக்கமும் திரும்பி, நடுவில் ஒரு கதவு திறந்ததுபோல் தெரிந்தால், இருவரும் வேறு வேறு மைக்கை நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். இருவருமே தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை.

இரண்டு லைன்பேக்கர்கள் (வழக்கமாக எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்கள்) சென்டரின் இரு தோள்களுக்கும் நேரே வந்து நிற்கும் தோற்றம் இன்று ஏறக்குறைய எல்லா அணியிடமும் இருக்கிறது. சென்டர் ஒருவரைத்தான் எடுக்க முடியும். இதற்கு எளிய விதி: உள்ளிருந்து வெளியே. எல்லோரும் முதலில் உள்பக்க இடைவெளியை அடைக்க வேண்டும். ஒருவரை விட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் கடைசி ஓரத்தில் இருப்பவரை விடுங்கள். அவருடைய பாதைதான் நீளம்.

இங்கே ரன்னிங் பேக்கைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். எங்கள் அணியில் நல்ல வேகமுள்ள ஒரு பையன் இருந்தான், பிளிட்ஸ் வந்தால் மட்டும் தடுமாறுவான். பயப்படுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தியபோது வேறு ஒன்று தெரிந்தது. ஸ்னாப் ஆனதும் அவனுடைய ஹெல்மெட் முதலில் வெளிப்பக்கம் திரும்பியது. அங்கே யாரும் வரவில்லை என்று கண்டு உள்ளே திரும்பும்போது, நடு இடைவெளியில் வந்த லைன்பேக்கர் லைனைத் தாண்டியிருந்தார். பையன் குவாட்டர்பேக்கின் மடியிலேயே அவரைச் சந்தித்தான். பயிற்சியாளர் மாற்றியது ஒன்றே ஒன்று. ஸ்னாப்புக்கு முன் அவன் இரு கால் விரல்களும் உள்பக்க லைன்பேக்கரைப் பார்த்து இருக்க வேண்டும். கண்ணும் முதல் அடியும் அங்கே, அவர் வரவில்லை என்றால் மட்டும் வெளியே. இரண்டு வாரத்தில் அவன் லைனுக்குப் பக்கத்திலேயே போய் மோத ஆரம்பித்தான். குவாட்டர்பேக்குக்கு நிற்க இடம் கிடைத்தது.

ஒரு விதி நினைவூட்டல்: 2022 முதல் கல்லூரி ஆட்டத்தில் இடுப்புக்குக் கீழே பிளாக் செய்வது டேக்கிள் பாக்ஸுக்குள் (லைனை ஒட்டிய நடுப்பகுதி) மட்டும், அதுவும் லைன்மேன்களுக்கும் அசையாமல் நின்ற பேக்குகளுக்கும் மட்டும்தான். மோஷனில் (ஸ்னாப்புக்கு முன்பே நகர்ந்து) வந்த ஆளை வைத்துப் பெரிய லைன்பேக்கரின் காலை வாரலாம் என்று திட்டம் போட்டால் தண்டனைக் கொடி விழும்.

ஓரத்தில் இருந்து சேஃப்டியோ கார்னரோ வந்து முதுகில் அடிக்கிறார்

சேஃப்டி ஆழத்தில் காப்பவர், கார்னர் ஓரத்து ரிசீவரை (பந்து பிடிப்பவரை) காப்பவர். கல்லூரி மைதானத்துக்கே உரிய பிரச்சினை இது. மைதானத்தின் அகலம் 160 அடி. கல்லூரியில் ஹாஷ் கோடுகளுக்கு (பந்தை வைத்து ஆட்டம் தொடங்கும் இடத்தை வரையறுக்கும் இரு கோட்டு வரிசைகள்) இடையே 40 அடி. தொழில்முறை ஆட்டத்தில் இது 18 அடி 6 அங்குலம்தான். ஆகவே பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. குறுகிய பக்கத்தில் காக்க இடமே குறைவு என்பதால் அங்கே நிற்கும் கார்னரைப் பாயவிடுவது எதிரணிக்குக் கட்டுபடியாகிறது. பாயும் தூரமும் குறைவு.

முதலில் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். குறுகிய பக்கத்தில் இருந்துதான் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் டைட் எண்டை (லைனின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பிடிக்கவும் செய்பவரை) அந்தப் பக்கம் நிறுத்துங்கள், அல்லது ரன்னிங் பேக்கை அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றுங்கள். புதிய பிளே எதுவும் தேவையில்லை, நிற்கும் இடம் மட்டும் மாறுகிறது.

அகன்ற பக்கத்தில் ஸ்லாட் ரிசீவர் (லைனுக்கும் ஓர ரிசீவருக்கும் நடுவே நிற்பவர்) மேல் நிற்பவர் வருகிறார் என்றால் அதை வரவேற்கலாம். அவர் விட்டுவிட்டு வந்த இடம் 100 அடிப் பக்கத்தில் இருக்கிறது. அடையாளம் என்ன? பின்னால் நிற்கும் சேஃப்டியைப் பாருங்கள். ஸ்லாட்காரர் பாயப்போகிறார் என்றால் அவருடைய ரிசீவரை யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும். அதனால் ஸ்னாப்புக்குச் சற்று முன் சேஃப்டி அந்த ரிசீவருக்கு நேராக நகர்வார். பாயப்போகிறவர் நடிக்கலாம், அவர் இடத்தை மூடப்போகிறவர் கடைசி வரை நடிக்க முடியாது. அந்த சேஃப்டி 10 யார்டு தள்ளி இருக்கும்போதே பந்தை ஸ்லாட்டுக்கு எறிந்துவிடுங்கள். பபிள் ஸ்கிரீனும் (பக்கவாட்டில் எறியும் குறும் பாஸ்) குட்டி ஹிட்சும் (சில அடி ஓடித் திரும்பி நிற்பது) இங்கே போதும்.

ரன் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது), பாஸ் (எறிவது) இரண்டையும் சேர்த்து வைத்த ஆர்பிஓ பிளேக்கள் கல்லூரியில் இவ்வளவு செழித்ததற்கு ஒரு விதிக் காரணமும் உண்டு. பந்து ஆட்டம் தொடங்கிய கோட்டைத் தாண்டி எறியப்படும்வரை லைன்மேன்கள் 3 யார்டு முன்னால் போகலாம். தொழில்முறை ஆட்டத்தில் 1 யார்டுதான். ஆகவே லைன் ரன்னுக்கே பிளாக் செய்துகொண்டிருக்க, பாய்ந்து வந்த லைன்பேக்கரின் தலைக்கு மேலே பந்தை எறிய அவகாசம் கிடைக்கிறது.

சரியாக ஹாட் எறிகிறோம், அதுவே இன்டர்செப்ஷன் ஆகிறது

ஹாட் என்பது பிளிட்ஸ் வந்ததும் பாய்ந்தவர் விட்ட இடத்துக்கு உடனே எறிவது, இன்டர்செப்ஷன் என்பது அதை எதிரணி பிடிப்பது. வீடியோவில் பந்தைப் பிடித்தவரின் எண்ணைப் பாருங்கள். 90-களில் எண் அணிந்த பெரிய டிஃபென்சிவ் எண்ட் (எதிரணி முன்வரிசையின் கடைசி ஆள்) பிடித்திருந்தால் அது ஸோன் பிளிட்ஸ். 1980-களில் சின்சினாட்டி பெங்கால்ஸ் என்ற தொழில்முறை அணியில் பயிற்சியாளர் டிக் லெபோ வளர்த்தெடுத்த யோசனை இது. ஒரு பக்கம் லைன்பேக்கரையும் சேஃப்டியையும் பாயவிட்டு, மறுபக்க எண்டைப் பின்வாங்கச் செய்வார்கள். ஐந்து பேர் பாய்வார்கள், மூன்று பேர் நடுத்தூரத்தில், மூன்று பேர் ஆழத்தில். குவாட்டர்பேக் பழக்கதோஷத்தில் ஸ்லான்ட் (சாய்வாக உள்ளே ஓடுபவருக்குக் குறும் பாஸ்) எறிகிற இடத்தில் அந்த எண்ட் நின்றுகொண்டிருப்பார்.

பாய்ந்தவர் விட்டுச்சென்ற இடத்துக்கு எறி என்று மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தால் குவாட்டர்பேக்கைக் குறை சொல்ல முடியாது. அதோடு ஒரு ஆளைப் பார்க்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டு குறும் ரூட் (ரிசீவர் ஓடும் பாதை) வையுங்கள்: ஒன்று 5 யார்டில் திரும்பி நிற்பது, இன்னொன்று ஓரமாக வெளியே போவது. நடுவில் இருக்கும் அந்த ஒரு டிஃபெண்டர் எதை நோக்கிப் போகிறாரோ அதை விட்டு மற்றதற்கு எறிய வேண்டும். ஐந்து பேர்தான் பாய்கிறார்கள் என்பதால் லைனும் ரன்னிங் பேக்கும் அவர்களைப் பிடித்துவிட முடியும், ஒரு பார்வை பார்க்க நேரம் இருக்கும். ஸோன் பிளிட்ஸுக்கு ஹாட் எறிவதே பல நேரம் அவசரம்.

ஸ்கிரீன் (பாய்கிறவர்களை வரவிட்டு அவர்களைத் தாண்டி எறியும் குறும் பாஸ்) போடும்போதும் இதைக் கவனியுங்கள். பின்வாங்கும் எண்ட் ஸ்கிரீன் நடக்கும் இடத்துக்கே வந்து நிற்பார். ஆட்களை ஒருவருக்கு ஒருவராகக் காக்கும் பிளிட்ஸுக்கு ஸ்கிரீன் அருமையான மருந்து, ஸோன் பிளிட்ஸுக்கு அது சூதாட்டம்.

ஆறு பேர் நிற்கிறார்கள், நான்கு பேர்தான் வருகிறார்கள், ஆனாலும் சாக்

இப்போது அதிகம் புழங்கும் வித்தை இது. ஆறு பேரை லைனில் காட்டிவிட்டு இருவரைப் பின்வாங்கச் செய்வார்கள். பாய்வது நான்கு பேர்தான், அந்த நான்கில் ஒருவர் நீங்கள் எதிர்பாராத இடத்தில் இருந்து வருவார். நம் லைனில் இரண்டு பேர் யாருமில்லாத காற்றைத் தடுத்துக்கொண்டு நிற்க, இன்னொரு மூலையில் இருவருக்கு ஒருவர் போராடுவார்.

காட்டும் ஒவ்வொரு படத்துக்கும் தடுப்புத் திட்டத்தை, அதாவது புரொடெக்‌ஷனை மாற்றினால் எதிரணி விரும்புவதையே செய்கிறீர்கள். மாறாக, அவர்களை முதலில் பேசவையுங்கள். குவாட்டர்பேக் பந்து வாங்காமலேயே, ஸ்னாப் கேட்பது போலக் கைதட்டட்டும். பொய்யான தட்டலுக்கு யாருடைய முழங்கால் மடங்குகிறது, யார் ஒரு அடி பின்னால் சாய்கிறார் என்று பாருங்கள். அப்புறம் நிஜமான அறிவிப்பு. நாலாவது முறை தட்டும்போது ஒருவர் ஸ்னாப்புக்கு முன்பே கோட்டைத் தாண்டி ஆஃப்சைடில் குதிப்பார், ஐந்து யார்டும் கிடைக்கும்.

2024 முதல் மேல்மட்டக் கல்லூரி ஆட்டங்களில் பயிற்சியாளர் ஒரு ஆட்டக்காரரின் ஹெல்மெட்டுக்குள் நேரடியாகப் பேசலாம். பலர் இதனால் பிளிட்ஸ் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள். பிளே கிளாக்கில் (அடுத்த ஸ்னாப்புக்கான கடிகாரத்தில்) 15 விநாடி மிச்சம் இருக்கும்போது ஒலி நின்றுவிடும். கொஞ்சம் அனுபவமுள்ள டிஃபென்ஸ் தன் நிஜமான முகத்தை அதற்குப் பிறகுதான் காட்டும். ஆகவே கடைசி முடிவு இன்னும் அந்த இருபது வயதுப் பையனிடம்தான் இருக்கிறது. அவனுக்கு இரண்டு விடைகள் கொடுத்து அனுப்புங்கள். ஆறு விடைகள் கொடுத்தால் ஒன்றுகூட நினைவுக்கு வராது.

எல்லோரும் பிடித்து நிற்கிறார்கள், பந்துதான் போகவில்லை

குவாட்டர்பேக் பார்க்கும் இடத்தில் ரிசீவர் இன்னும் திரும்பவே இல்லை. இரண்டரை விநாடிக்குள் போகவேண்டிய பந்துக்கு, 14 யார்டு ஓடித் திரும்பும் ரூட்டை முதல் பார்வையாக வைத்திருப்பார்கள். பிளிட்ஸ் அதிகம் வரும் ஆட்டத்தில் ஒவ்வொரு பாஸ் பிளேயிலும் ஒருவராவது 5 யார்டுக்குள் தலையைத் திருப்பியிருக்க வேண்டும். அது யார் என்று ரிசீவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஹாட் தவறிய துண்டுகளில் பாதியில் எறிந்தவர் சரியாக எறிந்திருப்பார், பிடிக்க வேண்டியவர் முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருப்பார்.

ஆளுக்கு ஆள் ஒட்டிக் காக்கும் அணி என்றால் குறுக்கே ஓடும் ரூட்கள்தான் என் முதல் தேர்வு. இதற்கு 2018 நவம்பர் 24-ஆம் தேதி கொலம்பஸில் நடந்த ஒஹாயோ ஸ்டேட் – மிச்சிகன் ஆட்டத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. மிச்சிகனின் டிஃபென்ஸைப் பொறுப்பேற்று நடத்தியவர் டான் பிரவுன். ஒட்டிக் காப்பதும் விடாமல் பிளிட்ஸ் அனுப்புவதும் அவர் முத்திரை. அந்த வாரம் வரை விட்டுக்கொடுத்த மொத்த யார்டுக் கணக்கில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த டிஃபென்ஸ் அது. ஒஹாயோ ஸ்டேட் செய்தது, லைனுக்குச் சில அடி தள்ளி ரிசீவர்களை ஒருவரை ஒருவர் உரசாத குறையாகக் குறுக்கே ஓடவிட்டதுதான். துரத்துகிறவர் தன் ஆட்களையே சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது. அவர்களுடைய குவாட்டர்பேக் டுவெய்ன் ஹாஸ்கின்ஸ் எறிந்த பல பந்துகள் காற்றில் சில யார்டுகள்தான் போயின, மீதியை பாரிஸ் கேம்ப்பெல் போன்ற வேகக்காரர்கள் ஓடித் தீர்த்தார்கள். ஹாஸ்கின்ஸ் 396 யார்டு, 6 டச்டௌன். முடிவு: ஒஹாயோ ஸ்டேட் 62, மிச்சிகன் 39.

ஒரு எச்சரிக்கை: குறுக்கே ஓடும்போது நம் ரிசீவர் எதிராளியை இடித்து வழிமறித்தால் அது குற்றம். உரசிச் செல்வது போலப் பாதை அமைய வேண்டும், தோளைக் கொடுக்கக் கூடாது.

ஏழு பேரைத் தடுக்க வைத்தும் அழுத்தம் குறையவில்லை

பயந்துபோய் டைட் எண்டையும் ரன்னிங் பேக்கையும் உள்ளேயே நிறுத்துவது இயல்பு. வீடியோவில் பாயும் ஆட்களின் எண்ணிக்கையும் கூடவே ஏறுகிறதா என்று பாருங்கள். ரன்னிங் பேக்கைக் காக்க வேண்டிய லைன்பேக்கர், அவர் ரூட் ஓடாமல் நின்றுவிட்டதைக் கண்டதும், தனக்கு வேறு வேலையில்லை என்று தானும் பாய்ந்துவிடுவார். ஆள் கூட்டக் கூட்ட அவர்களும் கூட்டுகிறார்கள், வெளியே பிடிக்க ஆள்தான் குறைகிறது.

எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள். 2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸ், தேசிய சாம்பியன்ஷிப் ஆட்டம். கிளெம்சனின் டிஃபென்ஸ் பயிற்சியாளர் பிரென்ட் வெனபிள்ஸ் விதவிதமான தோற்றங்களில் அழுத்தம் அனுப்ப, அந்த சீசன் முழுவதும் யாராலும் நிறுத்த முடியாத எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) அஃபென்ஸ் தொடக்கத்தில் திணறியது. இரண்டாம் கால் பகுதியில் 17–7 என்று பின்தங்கியது. அப்போதும் அவர்கள் ஆட்களை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. ரிசீவர்களைப் பரப்பியே வைத்தார்கள். குவாட்டர்பேக் ஜோ பர்ரோ தனியாக விடப்பட்ட ரிசீவர் ஜமார் சேஸைத் தேடித் தேடி எறிந்தார். சேஸ் 9 பந்து பிடித்து 221 யார்டு. இடைவேளைக்குள் எல்எஸ்யூ 28–17 என்று முந்தியது, கடைசியில் 42–25 என்று வென்றது. இதைச் செய்ய பர்ரோவும் சேஸும் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் வரிசை எல்லா அணிக்கும் பொருந்தும்: முதலில் பரப்பி எறிய முயலுங்கள், முடியாதபோது ஏழு பேர். ஏழு பேரை நிறுத்துவதாக இருந்தால் அந்த நாளில் ஆழமாக ஒரு பந்தாவது எறியுங்கள். எறியாமல் ஏழு பேரை வைத்திருப்பதால் எந்த லாபமும் இல்லை.

ரன்னும் ஓடவில்லை

முதலில் புள்ளிவிவரத் தாளைச் சந்தேகப்படுங்கள். கல்லூரி ஃபுட்பாலில் சாக்கில் இழந்த யார்டுகள் ரன் கணக்கில் கழிக்கப்படுகின்றன. "35 ரன், 70 யார்டு" என்று தாளில் இருந்தால் அதில் ஐந்து சாக் ஒளிந்திருக்கலாம். அவற்றைப் பிரித்த பிறகும் ரன் மோசம் என்றால் டிரா (எறிவதுபோல் காட்டி ஓடுவது), டிராப் இரண்டையும் எடுங்கள். டிராப்பில் பாய்கிறவரை உள்ளே வரவிட்டுப் பக்கவாட்டில் தள்ளுங்கள். முதல் வரிசையைத் தாண்டிவிட்டால் பின்னால் யாரும் இருப்பதில்லை.

சொந்த மைதானத்தில் சரி, வெளியூர் போனால் மட்டும் கோளாறு

கூட்டத்தின் சத்தத்தில் கைதட்டல் கேட்காது. அமைதி எண்ணிக்கைக்கு மாறுவார்கள்: கார்டு திரும்பி குவாட்டர்பேக்கைப் பார்த்து, சென்டரின் தொடையைத் தட்டுவார், சென்டர் தலையை அசைத்து பந்தை அனுப்புவார். தலை அசைவுக்கும் ஸ்னாப்புக்கும் இடையே எப்போதும் ஒரே இடைவெளி இருந்தால் எதிரணி அதை முதல் கால் பகுதிக்குள் கற்றுக்கொள்ளும். லைன்பேக்கர் ஸ்னாப்போடு சேர்ந்தே கிளம்புகிறாரா என்று பாருங்கள். அப்படி என்றால் சில முறை தலையை இரண்டு தடவை அசைக்க வேண்டும். இதை வியாழக்கிழமை சொல்லிச் சனிக்கிழமை செய்ய முடியாது, நம் டேக்கிளே (லைனின் கடைசி ஆள்) குதித்துவிடுவார்.

இத்தனைக்கும் நேரம் எங்கே?

சீசன் நடக்கும்போது முதல் நிலைக் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி. மீட்டிங், வீடியோ, எடைப்பயிற்சி, மைதானம் எல்லாம் அதற்குள். ஆட்ட நாளே 3 மணி நேரமாக எண்ணப்படும். மீதியில் வகுப்பும் தேர்வும் இருக்கிறது. எதிரணியிடம் பதினைந்து பிளிட்ஸ் இருந்தால் பதினைந்தையும் பயிற்சி செய்ய முடியாது. கடைசி மூன்று நான்கு ஆட்டங்களில் மூன்றாம் டௌனுக்கு (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதுக்கு) அவர்கள் நம்பிய இரண்டை எடுங்கள். அந்த இரண்டுக்கு மட்டும் முழு வேகத்தில் பயிற்சி. மற்றவைக்கு விதிகள் போதும்.

எங்கள் அணியில் முழு வேகம் தேவைப்படாத பகுதிக்குக் குப்பைத்தொட்டிகளைப் பயன்படுத்தினார்கள். மைதானத்தின் ஓரத்தில் பதினோரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள், எதிரணி நிற்கும் இடங்களில். பயிற்சியாளர் இரண்டு தொட்டிகளை உருட்டி சென்டரின் இரு பக்கமும் நிறுத்துவார். சென்டர் விரல் நீட்டி எண்ணைக் கத்த வேண்டும், ஐந்து பேரும் நடந்தே முதல் அடியை வைக்க வேண்டும், ரன்னிங் பேக் தன் தொட்டியைப் போய்த் தொட வேண்டும், குவாட்டர்பேக் யாரும் தொடாமல் மிஞ்சிய தொட்டியைக் காட்ட வேண்டும். தவறாகக் காட்டினால் தொட்டிகளை மாற்றி மறுபடியும். பத்து நிமிடத்தில் இருபது படங்கள் பார்த்துவிடலாம். முதல் வாரம் குவாட்டர்பேக் ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பி எண்ணினான். நான்காவது வாரம் பயிற்சியாளர் தொட்டியை உருட்டி முடிப்பதற்குள் அவன் கை நீண்டிருந்தது.